மரண வாக்குமூலம் தராத கம்ப்யூட்டர்: கொழிஞ்சாம்பாறையில் ஒரு சைபர்பங்க் கேஸ்

“ணா, சைபர்பங்க் ஆடுனா மட்டும் கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிருதுங்ணா. 2.11 அப்டேட் வந்ததுக்கு அப்புறம்தான்.”

2024 பிப்ரவரியில், கேபினெட்டைத் துண்டில் சுற்றி பைக் டேங்க் மேல் வைத்துக் கொண்டுவந்த தம்பி சொன்னது இது. சைபர்பங்க் 2077 ஒரு வீடியோ கேம்; 2.11 அதற்கு வந்த திருத்தம், பேட்ச் என்பார்கள். வந்தவர் சொன்ன சொல்லிலேயே புகாரை சர்வீஸ் நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது என்பது அவன் கண்ணால் பார்த்தது. அப்டேட்டால் நடக்கிறது என்பது அவன் நினைத்தது. பார்த்ததையும் நினைத்ததையும் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டேன். அதில் ஒரு மாதம் போயிற்று.

என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை கொழிஞ்சாம்பாறையில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. பழைய கொச்சி ராஜ்யத்தில் இருந்த பக்கம் என்பதால் 1956-ல் கேரளத்தோடு போனது. வீட்டிலும் சந்தையிலும் பேச்சு தமிழ்தான், அதுவும் கொங்குத் தமிழ். தம்பி தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் காலேஜ் போகிறவன். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. அந்தத் தோப்பைப் பற்றி அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மெஷின்: ரைசன் 5 3600 ப்ராசசர், 16 ஜி.பி. ராம், ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸ் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யில் (சுற்றும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்), கேம் 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில். மொத்தமும் பழையதாக வாங்கிய செட். சைபர்பங்க் 2077-ஐயும் அதன் விரிவாக்கமான ஃபேன்டம் லிபர்ட்டியையும் டிசம்பர் தள்ளுபடியில் வாங்கியிருந்தான். டிசம்பரும் ஜனவரியும் ஒரு தொந்தரவும் இல்லை. பிப்ரவரியில் ஆரம்பித்தது. 2.11 ஜனவரிக் கடைசியில் வந்தது. கணக்குப் பொருந்திவிட்டது என்று அவனும் நம்பினான், நானும் நம்பினேன்.

கெட்ட பெயர்

நம்பியதற்குக் காரணம் கேமின் பழைய கதை. தெரியாதவர்களுக்கு: 1988-ல் மைக் பாண்ட்ஸ்மித் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ‘சைபர்பங்க்’ என்ற மேசை விளையாட்டை வைத்து, போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்த வீடியோ கேம் இது. நைட் சிட்டி என்ற கற்பனை ஊர். கம்பெனிகள்தான் அங்கே அரசாங்கம். கை, கண், மூளை எல்லாவற்றிலும் மெஷின் பொருத்திக்கொண்ட மனிதர்கள். நாம் ‘வி’ என்ற ஆள். நம் தலைக்குள் ஒரு சிப், அந்த சிப்புக்குள் செத்துப்போன ராக் பாடகன் ஜானி சில்வர்ஹேண்ட். அவனுக்கு முகமும் குரலும் கியானு ரீவ்ஸ். விளையாடுபவர் கண் வழியே பார்த்துச் சுட்டுக்கொண்டே போவதால் நம் பையன்களுக்கு இது ஷூட்டர் கேம். ஆர்.பி.ஜி., அதாவது ஒரு பாத்திரமாக வாழ்ந்து ஆடும் கேம், என்று திருத்துகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம்.

2012-ல் அறிவித்து, 2020-ல் மட்டும் மூன்று தடவை தள்ளிப்போட்டு, அந்த வருடம் டிசம்பர் 10-ல் வெளியிட்டார்கள். பத்து நாளில் 1 கோடியே 30 லட்சம் பிரதி போனது. டி.வி.யில் மாட்டி ஆடும் பழைய கன்சோல்களான சோனியின் பி.எஸ்.4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் பார்த்ததோ வேறு: முகம் வராத ஆட்கள், காற்றில் நிற்கும் கார், திடீர் திடீரென்று நின்றுபோகும் ஆட்டம். டிசம்பர் 18-ல் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக்கொடுத்தது. இவ்வளவு பெரிய கேமுக்கு அப்படி நடந்தது ஊரெல்லாம் செய்தி. திரும்ப அந்தக் கடைக்கு வந்தது 2021 ஜூன் 21-ல்தான். கம்ப்யூட்டரில், ஆட்டத்தை விட்ட இடத்தைச் சேமிக்கும் சேவ் ஃபைல் 8 எம்.பி.யைத் தாண்டினால் கெட்டுப்போகும் என்ற கூத்தும் அப்போதுதான், 1.06 பேட்ச்சில் சரிசெய்தார்கள்.

2021 ஜனவரியில் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். அதில் அவர் சொன்ன ஒரு விஷயம் எங்கள் தொழில்காரர்களுக்கு முக்கியம். பழைய கன்சோல்களில் உதைத்த இடம் ஸ்ட்ரீமிங் என்றார். யூடியூப் ஸ்ட்ரீமிங் இல்லை. நைட் சிட்டியில் தெருவுக்குத் தெரு ‘லோடிங்’ திரை கிடையாது. காரில் பறக்கும்போது அடுத்த தெருவின் சுவர், ஆள், விளம்பரப் பலகை எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து அந்தந்த நொடியில் எடுத்து வைத்தாக வேண்டும். சுற்றும் ஹார்டு டிஸ்க்குக்கு அந்த வேகம் வராது. 2023 செப்டம்பர் 21-ல் 2.0 அப்டேட் வந்தபோது, குறைந்தபட்சத் தேவையிலிருந்தே ஹார்டு டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்று போட்டுவிட்டார்கள். 8 ஜி.பி.யாக இருந்த ராம் 12 ஆயிற்று.

2.0-க்குப் பிறகு கேமின் பெயர் நன்றாகவே மாறிவிட்டது. ஆனால் ஊரில் ஒருவனுக்குத் திருடன் என்று ஒருமுறை பெயர் விழுந்தால், பத்து வருடம் கழித்துக் கோழி காணாமல் போனாலும் முதலில் அவன் வீட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். நானும் தம்பியிடம், “இந்த கேமே அப்படித்தான், அடுத்த பேட்ச்ல சரியாயிரும்” என்றேன். இது இந்த கேஸில் என் முதல் தப்பு.

முதல் சுற்று: உண்மையான கோளாறு, தப்பான பதில்

கேம் ஹார்டு டிஸ்க்கில் இருப்பதைப் பார்த்ததும் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று தோன்றியது. கடையில் ஓட்டிப் பார்த்தேன். காரில் வேகமாகப் போனால் படம் திக்கித் திக்கி வந்தது. விரிவாக்கத்தில் வரும் டாக்டவுன் என்ற பகுதியில், ஸ்டேடியத்துக்குள் இருக்கும் சந்தையில் கூட்டத்துக்கு நடுவே ஆட்டம் மூச்சுத் திணறியது. 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டு கேமை அதற்கு மாற்றினேன். திக்கல் நின்றது. தம்பிக்கு வாயெல்லாம் பல்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. “ணா, ஸ்மூத்தா போகுதுங்ணா. ஸ்மூத்தா ஆஃப் ஆகுது.”

திக்குவது ஒரு கோளாறு, அணைவது வேறொரு கோளாறு. முதலாவதைச் சரிசெய்ததும் இரண்டாவதும் சரியாகிவிடும் என்று நினைத்ததற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இருக்கவில்லை. அப்போதுதான் உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்தேன். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று உண்டு, கம்ப்யூட்டரின் நாட்குறிப்பு. திறந்தால் வரிசையாக ‘கெர்னல் பவர் 41’. இதற்கு ஒரே அர்த்தம்: முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றுபோய், திரும்பக் கிளம்பியிருக்கிறது. ஏன் நின்றது என்று 41 சொல்லாது.

தம்பியிடம் கேட்டேன்: “ஆஃப் ஆகறப்ப பிளாட்லைன்னு ஒரு விண்டோ வந்துச்சா?”

“அப்படி ஒண்ணும் வர்றதில்லீங்ணா. டப்புன்னு கருப்பு.”

சைபர்பங்க் 2077 தானாக கிராஷ் ஆனால் ஒரு சின்ன விண்டோ வரும். கேம் ‘பிளாட்லைன்’ ஆகிவிட்டது, அறிக்கை அனுப்பவா என்று கேட்கும். ஆஸ்பத்திரி மானிட்டரில் இதயத் துடிப்பு நேர்கோடாகிவிடுவதுதான் பிளாட்லைன்; நைட் சிட்டி பாஷையில் ஆள் செத்தான் என்று அர்த்தம். அந்த விண்டோ ஒரு மரண வாக்குமூலம் மாதிரி. கேம் மட்டும் செத்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கும், வாக்குமூலம் பதிவாகும். இங்கே வாக்குமூலம் கொடுக்கக்கூட நேரமில்லாமல் விண்டோஸையும் சேர்த்து எவனோ கழுத்தைப் பிடித்திருக்கிறான். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் கேமின் மேல் வழக்கே பதிவாகியிருக்காது.

இரண்டாம் சுற்று: சூடு

அடுத்த சந்தேகம் சூடு. அதற்கு வலுவான காரணம் இருந்தது. 2023 செப்டம்பரில், விரிவாக்கம் வருவதற்குச் சில நாள் முன்னால், கேமை உருவாக்கியவர்களில் ஒருவரே பொதுவெளியில் எச்சரித்திருந்தார்: உங்கள் கூலிங்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், 8 கோர் ப்ராசசரில் 90 சதவீதம் வரை சுமை ஏறுவது சகஜம் என்று. கோர் என்பது ப்ராசசருக்குள் வேலை செய்யும் பிரிவு. தம்பியின் 3600-க்கு 6 கோர்தான், சுமை இன்னும் ஏறும்.

எங்கள் பக்கம் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலை விட்டுக்கொடுத்த இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அந்த வழியாக வரும் காற்று புழுதியையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். அந்த வருடம் ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது. கேபினெட்டைத் திறந்தால் ப்ராசசர் கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே செம்மண் புழுதி பஞ்சு மாதிரிப் படிந்திருந்தது. பல்லி முட்டை இரண்டு இலவசம். பெஞ்ச்மார்க், அதாவது மெஷினுக்கு முழுச் சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை, ஓட்டியபோது ப்ராசசர் 94 டிகிரி. அந்த சிப்பின் உச்சவரம்பு 95.

ப்ளோயர் அடித்து, ப்ராசசர் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது போட்டேன். 77-க்கு வந்தது. கேமுக்குள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க் வைத்திருக்கிறார்கள் (2022 பிப்ரவரியில் வந்த 1.5-ல் சேர்த்தது). அதைச் சாயங்காலம் ஆரம்பித்து, கடை மூடும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒருமுறைகூட அணையவில்லை. மறுநாளும் ஓட்டினேன். கல்லு மாதிரி நின்றது.

கொண்டுபோனான். மூன்றாம் நாள் வீட்டில் மறுபடி அணைந்தது.

கடையில் ஓடும், வீட்டில் படுக்கும். இந்தத் தொழிலில் இதைவிட வெறுப்பேற்றும் புகார் இல்லை. பல்வலிக்காரர் டாக்டர் வீட்டுப் படியேறியதும் வலி நின்றுபோவது மாதிரி. இந்தத் தடவை மெஷினைக் கொண்டுவர வேண்டாம் என்றேன். அணையும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் போனில் குறித்துவை, வேறொன்றும் செய்யாதே என்றேன்.

பட்டியல்

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒன்பது குறிப்பு. சாயங்காலம் 6:05, 6:10, 6:08. ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு மேல் ஒன்று. ராத்திரி 9-க்கு மேல், நான்கு மணி நேரம் தொடர்ந்து ஆடிய நாள்கூட உண்டு, அப்போது ஒன்றும் இல்லை. சூடு காரணமென்றால் நான்காவது மணி நேரத்தில்தானே விழ வேண்டும்? இது ஆட்டத்தில் உட்கார்ந்த கால் மணியில் விழுகிறது, ஆனால் ஆறு மணியை ஒட்டித்தான்.

அன்றே வீட்டுக்குக் கிளம்பினேன்.

தோப்புக்கு நடுவில் வீடு. டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி நீளமாக வந்து கடைசியில் முடிகிற இடம். அம்மா மோர் கொடுத்துவிட்டு, நான் மல்டிமீட்டரோடு மேசைக்கடியில் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஏனுங் தம்பி, அந்த டியூப்லைட் ஒருக்கா மினுக்குமுங்க. மினுக்குனா உள்ள இருந்து இவன் கத்தற சத்தம் கேக்கும். நான் அதை வெச்சுத்தான் அவங்கப்பா மோட்டார் போட்டுட்டாருன்னு தெரிஞ்சுக்கறது.”

மேசைக்கடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு தடவை பிரித்துப் பூட்டி, எஸ்.எஸ்.டி. மாற்றி, பேஸ்ட் போட்டு எனக்குக் கிடைக்காதது அந்தம்மாவுக்கு அடுப்படியில் இருந்தே தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

யூ.பி.எஸ். எங்கே என்றேன். கட்டிலுக்கடியில் இருந்தது. பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, கீச் கீச்சென்று கத்துகிறதென்று கழற்றிவிட்டு நேரே சுவர் பிளக்கில் சொருகியிருக்கிறார்கள்.

பெஞ்ச்மார்க்கை ஓடவிட்டேன். வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். மீட்டரின் ஒரு முனையை அதன் மஞ்சள் வயரில் வைத்து, குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் பொத்தானை அழுத்தினேன். இன்னொரு மீட்டர் சுவர் பிளக்கில். தோப்பின் அந்தப் பக்கம் மோட்டார் ரூமில் அப்பா, காதில் போன்.

“போடட்டுங்களா தம்பி?”

“போடுங்க.”

டியூப்லைட் மினுக்கியது. மானிட்டரில் நைட் சிட்டி கருப்பாயிற்று. தம்பி பழக்கதோஷத்தில் கத்தினான்.

பிளக்கில் 226 வோல்ட் இருந்தது, 164-க்கு இறங்கி, மோட்டார் ஓட ஆரம்பித்ததும் 198-ல் நின்றிருக்கிறது. மஞ்சள் வயரில் 12 வோல்ட் இருக்க வேண்டும். ஐந்து சதவீதம்வரை ஏறி இறங்கலாம், அதாவது 11.4 வரை. மீட்டர் பிடித்துவைத்த கடைசி எண் 10.9.

இரண்டாம் முறை கேமை மூடிவிட்டு வெறும் டெஸ்க்டாப்பில் வைத்து மோட்டார் போடச் சொன்னேன். டியூப்லைட் மினுக்கியது, கம்ப்யூட்டர் அசையவில்லை. மூன்றாம் முறை மறுபடி கேம். கருப்பு. நான்காவது கேட்டதற்கு, “மோட்டார் காயில் போச்சுன்னா எட்டு நாளைக்குத் தண்ணி இல்லீங் தம்பி” என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

ஏன் கேமில் மட்டும்

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பெரிய கெபாசிட்டர் உண்டு, மாடித் தொட்டி மாதிரி. லைனில் வரத்து குறைந்தாலும் தொட்டியில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கும். முழுச் சுமையிலும் சில மில்லி செகண்டாவது தாங்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விதி. தொட்டி ஒன்றுதான், திறக்கிற குழாய்தான் வித்தியாசம். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது இந்த மெஷின் இழுப்பது 60 வாட் சொச்சம். சைபர்பங்க் ஓடும்போது அதில் நான்கு மடங்கு. தொட்டியும் நான்கு மடங்கு வேகத்தில் காலியாகும். காலேஜ் அசைன்மென்ட் டைப் செய்தபோதும் பாட்டுக் கேட்டபோதும் இதே மோட்டார் இதே இறக்கத்தைத்தான் கொடுத்தது, மெஷின் தாங்கிக்கொண்டது. கேமில் மட்டும் தாங்கவில்லை. பழி கேம் மேல் விழுந்தது.

அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி லேபிளைப் படித்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 450 வாட். உள்ளே சின்ன எழுத்தில், 12 வோல்ட் லைனில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். இந்த கிராபிக்ஸ் கார்டுக்கு 125, ப்ராசசர் முழு மூச்சில் 88, இரண்டும் சேர்ந்தாலே 213. ஃபேனுக்கும் டிஸ்க்குக்கும் மிச்சம் மூன்று வாட். பின்பக்கம் 115/230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் வேறு, ஆக்டிவ் பி.எஃப்.சி. (லைனிலிருந்து கரண்டைச் சீராக இழுக்கவைக்கும் சர்க்யூட்) இல்லாத பழைய வகைக்கு அடையாளம் அது, வோல்ட் இறங்கினால் சமாளிக்கத் தெரியாது. கடையில் ஸ்டெபிலைசர் இருப்பதால் தம் கட்டி ஓட்டிவிட்டது. கடையிலேயே மஞ்சள் வயரை அளந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அளக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏன் அணையவில்லை? அப்பாவிடம் கேட்டேன்.

“அப்ப ஆளியாத்துத் தண்ணி வாய்க்கால்ல வந்துட்டிருந்ததுங்க. மோட்டாரு எதுக்கு?”

பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டு வழியாக வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் பக்கத்துக்கு வர வேண்டும். 1970-ல் போட்ட ஒப்பந்தம். வருகிறதா, எப்போது வருகிறது, யார் குறைத்தார்கள் என்பதெல்லாம் இங்கே டீக்கடையில் தினசரிப் பேச்சு. ஜனவரிக் கடைசியில் அவர்கள் வாய்க்காலில் தண்ணீர் நின்றது. காலையும் சாயங்காலமும் போர்வெல் மோட்டார் போட ஆரம்பித்தார்கள். அதே வாரம் போலந்திலிருந்து 2.11 பேட்ச் வந்து சேர்ந்தது. தம்பி பார்த்தது பேட்ச்சை. வாய்க்காலை அவன் ஏன் பார்க்கப்போகிறான்?

செய்தது

ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள, 100 முதல் 240 வோல்ட்வரை வாங்கிக்கொள்ளும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. யூ.பி.எஸ்.ஸுக்குப் புது 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி. மோட்டார் லைனுக்கு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். வீட்டு மெயினில் ஒரு ஜாயின்ட் கருகியிருந்ததை அவர் கண்டுபிடித்து மாற்றினார், இறக்கம் 164-லிருந்து 180-க்கு வந்தது. எஸ்.எஸ்.டி.க்கும் சர்வீஸுக்கும் வாங்கிய காசில் சர்வீஸ் காசை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். எஸ்.எஸ்.டி. எப்படியும் வேண்டியதுதான். பேஸ்ட்டும்கூட, 94 டிகிரியில் அந்த ஏப்ரலைக் கடந்திருக்காது. ஆக மூன்று கோளாறு இருந்தது, மூன்றும் உண்மை, அவன் சொல்லிக்கொண்டு வந்ததற்குக் காரணம் மூன்றாவது.

அப்பாவின் கையைக் காலைப் பிடித்து மறுபடி இரண்டு தடவை மோட்டார் போடவைத்தேன். டியூப்லைட் லேசாக மினுக்கியது. யூ.பி.எஸ். ஒருமுறை ‘டிக்’ என்றது. டாக்டவுன் சந்தையில் கூட்டம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

சர்வீஸ் நோட்டில் அந்தப் பக்கத்தில் புகாருக்குக் கீழே இப்போது இன்னொரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்: ‘வீட்டில் வேறு யாரைக் கேட்டேன்?’

2024 டிசம்பரில் 2.2 பேட்ச் வந்த வாரம், ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம். திரையில் அந்தச் சின்ன விண்டோ, பிளாட்லைன். கீழே தம்பி எழுதியிருந்தான்: “ணா, வாக்குமூலம் குடுத்திருச்சுங்ணா!”

“மோட் ஏதாச்சும் போட்டிருக்கியா?”

ரெண்டு நிமிஷம் ‘டைப்பிங்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது.

“பதினேழு.”

மோட் என்றால் ரசிகர்கள் கேமுக்கு எழுதிச் சேர்க்கும் மாற்றம். இவை பழைய பேட்ச்சுக்கு எழுதியவை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.